கசங்காத நோட்டுக்கு ஏன் இத்தனை விலை?

போர்க்கால நாணயத்தாள்களைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் தமிழரும் பலர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் கொழும்பிலும், இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கூட, அழகிய அல்பங்களில் இத்தாள்களை அடுக்கி வைத்திருக்கும் அன்பர்களை நான் அறிவேன். இப்பொழுதுபோக்கின் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. சிறிதளவு சேகரித்தவன் என்ற முறையில் அதன் இன்பமும் எனக்குத் தெரியும். ஆனால் இச்சேகரிப்பு உலகில் விலை தீர்மானிக்கப்படும் முறை வரலாற்றுக்கு விரோதமானது. அதிலும் எம்மவரின் வரலாற்றுக்கு மிகவும் விரோதமானது. இதனை எவராவது சொல்லத்தான் வேண்டும்.

முறையை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாணயத்தாள் ஒன்றின் நிலையை 1 முதல் 70 வரையான புள்ளிகளால் மதிப்பிடுகின்றனர். எவர் கையிலும் படாத, மடிப்பு விழாத, மூலை மழுங்காத தாளுக்கு அறுபதும் அதற்கு மேலும். அதனை ‘அன்சேர்க்குலேற்றட்’, அதாவது புழக்கத்துக்கே வராதது, என்பர். நடுவில் ஒரு மடிப்பு இருந்தால் புள்ளி இறங்கும். ஓரம் கிழிந்திருந்தால் மேலும் இறங்கும். எவரேனும் பென்சிலால் ஒரு கணக்கை எழுதியிருந்தால், இறப்பர் முத்திரை குத்தியிருந்தால், ஊசிநூலால் தைத்திருந்தால் அது ‘குறை’ என்று பதிவாகும். மதிப்பிட்ட தாளைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு ஒட்டிவிடுவர். அதன் பிறகு அதனை மனிதக் கை தொடவே இயலாது.

சமாதான காலத்து நாணயத்தாளுக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். அங்கே அச்சுக்கலையின் நேர்த்தியே பார்க்கப்படுகிறது. குடியேற்ற நாடுகளில் போர்க்காலத்தில் அவசரமாக அச்சடித்துத் திணிக்கப்பட்ட பணத்துக்கும் அதே அளவுகோலை வைப்பதுதான் அபத்தம். அப்பணத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியது ஒன்றே. அது யார் கையில் திணிக்கப்பட்டது? அவர் அதைக் கொண்டு எதை வாங்கினார், எதை வாங்க முடியாமற் போனார்? கசங்காத தாளில் இவ்வினாவுக்கு விடையே இல்லை. அதற்கோ விலை அதிகம்.

மலாயாவையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசெம்பர் 8 இல் கோத்தபாருவில் தரையிறங்கிய யப்பானியப் படை 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. வரும்போதே பணத்தையும் கொண்டுவந்தது. பகைவனின் மொழியாகிய ஆங்கிலத்தில், பகைவனின் அலகாகிய டொலரில் அச்சான பணம். ஐந்து டொலர், பத்து டொலர்த் தாள்களிலே, கேட்டவுடன் கொண்டுவந்தவருக்குக் கொடுப்பதாக யப்பானிய அரசாங்கம் வாக்குறுதி அளிப்பதாக எழுதியிருந்தது. பத்து டொலர்த் தாளில் குலை தள்ளிய வாழைமரம். ஆகவே ‘வாழைமர நோட்டு’ என்ற பெயர் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் இப்பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். கேட்பவருக்கு ஏதோ சிறுவர் விளையாட்டுக் காசு என்ற எண்ணமே தோன்றும்.

இத்தாள்களின் மேலுள்ள எழுத்துகளைச் சேகரிப்பாளர் நன்கு அறிவர். ‘எம்’ என்று தொடங்கினால் மலாயா, ‘பி’ என்றால் பர்மா, பிலிப்பைன்ஸ், ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள், பசுபிக் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எழுத்து. முதலில் வந்த தாள்களில் தொடர் இலக்கமும் இருந்தது. பின்னர் வந்தவற்றில் இலக்கம் இல்லை, வெறும் எழுத்துகள் மட்டுமே. தொடர் இலக்கமுள்ள தாள் அரிது, ஆகவே விலை கூடியது என்று பட்டியல்கள் கூறும். அவ்வளவோடு நிறுத்திவிடும். இலக்கம் ஏன் நின்றது? நாணயத்தாளுக்கு இலக்கமிடுவது வெளியிட்டவன் தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று கணக்கு வைப்பதற்காக. இலக்கத்தை நிறுத்தியவன் அக்கணக்கைக் கைவிட்டான். பட்டியலில் ‘அ’ வகை, ‘ஆ’ வகை என்று போடப்படும் வேறுபாட்டினுள் ஒரு நாட்டையே ஓட்டாண்டியாக்கிய கதை இருக்கிறது. அதை எழுத அரை வரி போதும். எழுதமாட்டார்கள்.

விளைவு எப்படி இருந்தது? தொடக்கத்தில் யப்பானிய டொலரும் பழைய மலாயா டொலரும் சமம் என்று ஆணை. போருக்குப் பின்னர் கடன் வழக்குகளுக்காக அரசாங்கம் ஒரு மாற்று அட்டவணையைத் தயாரித்தது. அதன்படி 1943 இன் இறுதியில் ஒரு பழைய டொலருக்குக் கிட்டத்தட்ட நான்கு யப்பானிய டொலர், 1944 இன் இறுதியில் பதினெட்டுக்கும் மேல், போரின் கடைசி நாட்களில் நூற்றுக்கணக்கில். சந்தை விலை இதைவிடவும் கொடுமையாக ஏறியது. ஆயிரம் டொலர்த் தாள் அச்சிட வேண்டிய நிலை வந்தது. 1945 செப்டெம்பரில் திரும்பி வந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அப்பணம் முழுவதையும் செல்லாது என்றது. மாற்றிக்கொள்ள அவகாசமோ ஈடோ இல்லை.

அந்த அட்டவணை தோன்றிய காரணமும் எம்மவரோடு தொடர்புடையதே. போருக்கு முன் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களுள் முக்கியமானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். நல்ல டொலரில் கொடுத்த கடனை யப்பானிய நோட்டில் திருப்பிச் செலுத்தியோர் பலர். வாங்க மறுப்பது அபாயம். போர் முடிந்ததும் அக்கடன் தீர்ந்ததா இல்லையா என்று வழக்குகள் எழுந்தன. 1948 இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்கள் குறித்துச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. செட்டியாருக்காவது கணக்கேடு இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், நீதிமன்றம் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு எது இருந்தது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விடயம் உள்ளது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் 70,000 க்கும் அதிகம். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். கூலியும் உணவும் தருவதாகச் சொல்லிச் சிலரைக் கூட்டிச் சென்றனர், மற்றவர்களைப் பிடித்துச் சென்றனர். 415 கிலோமீற்றர் பாதை 1943 ஒக்ரோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை, அங்கே இறந்த 12,000 க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளின் எண்ணிக்கையைப் போலப் பன்மடங்கு. காஞ்சனபுரியில் உள்ள யுத்த மயானத்தில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. எமது மக்களுக்குத் தனித்தனிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. 2023 இல் அங்கே தமிழர் நினைவாக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதற்கே எண்பது ஆண்டுகள் சென்றன.

போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர். படம் வரைந்தனர். திரும்பிச் சென்று நூல்கள் எழுதினர். அவர்களுடைய துயரத்துக்குச் சான்றாகக் காகிதம் ஏராளம். தோட்டத்துத் தமிழன் எழுதி வைத்தது மிகக் குறைவு. அவனும் அவன் மனைவியும் வியர்வைக் கையால் தொட்டு, மடித்து, முந்தானையில் முடிந்து வைத்த காகிதம் எது? அந்த நோட்டுத்தான். அந்தக் கைபட்டதையே குறை என்று புள்ளி குறைக்கும் அளவுகோலை நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம்.

அப்படியானால் கசங்காத நோட்டுகள் எங்கிருந்து வந்தன? யப்பான் சரணடைந்தபோது விநியோகிக்கப்படாமலே கட்டுக்கட்டாகக் கிடங்குகளில் கிடந்தவை அவற்றுட் பல. இரங்கூன் வீதிகளில் யப்பானிய ரூபாத் தாள்கள் குப்பையாகச் சிதறிக் கிடக்கும் 1945 ஆம் ஆண்டுப் புகைப்படங்களைப் பலரும் பார்த்திருப்பர். வெற்றி பெற்ற படையினர் அவற்றை நினைவுப் பொருளாக அள்ளிச் சென்றனர். பிற்காலத்தில் அவர்களது பிள்ளைகள் விற்றனர். ஆக, உயர்ந்த புள்ளி பெறும் தாள் பெரும்பாலும் எந்த மலாயாவாசியையும் சந்திக்காத தாள். அது ஒரு படி அரிசி வாங்கியதில்லை. எவரையும் ஏமாற்றியதுமில்லை. அச்சகத்திலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து படைவீரனின் பைக்கும், பையிலிருந்து ஏலத்துக்கும் போயிற்று.

யாழ்ப்பாணத்துக்கும் இதிலே பங்குண்டு. மலாயா புகையிரதத்திலும் அரச கந்தோர்களிலும் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் எம்மவர் நிறைந்திருந்த காலம் அது. மாதந்தோறும் வந்த மணியோடரில்தான் பல கிராமங்களில் கல்வீடுகள் எழுந்தன, சகோதரிமார் கரைசேர்ந்தனர். 1942 இன் தொடக்கத்தில் அது ஒரேயடியாக நின்றது. போர் முடிந்து கப்பலேறி வந்தவர்களின் இரும்புப்பெட்டிகளில் இந்நோட்டுகளும் வந்தன. என் தாய்வழிப் பேரனார் அவர்களுள் ஒருவர். அவருடைய பெட்டியின் அடியில் வாழைமர நோட்டுக்கட்டு ஒன்று இருந்தது. சணல் நூலால் கட்டி, மேலே ஒரு துண்டுக் கடதாசி சுற்றியிருந்தார். அதில் அவருடைய கையெழுத்தில், ‘ஓகஸ்ட் சம்பளம். செலவழிக்கவில்லை’ என்றிருந்தது. ஆண்டு குறிப்பிடவில்லை. குறிப்பிடவும் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இத்துறை பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் திரட்டியபோது, கொழும்பில் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒருவரிடம் அக்கட்டைக் காண்பித்தேன். அவர் முதலில் செய்தது நூலை அறுத்ததுதான். துண்டைக் கழற்றி மேசையின் ஓரத்தில் தள்ளிவிட்டு நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஐயா, எல்லாம் மடிஞ்சு போச்சு. கழுவி அமத்தினால் கொஞ்சம் எடுக்கலாம்” என்றார். துண்டைப் பற்றிக் கேட்டேன். “அதுக்கு என்ன விலை ஐயா இருக்கு?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். தொழில் கற்பித்ததைச் சொன்னார். கழுவி அமத்துவது என்பது, நோட்டை நீரிலோ இரசாயனத்திலோ நனைத்து அழுக்கெடுத்து, பாரம் வைத்துத் தட்டையாக்கி, புழங்காதது போல் தோன்றச் செய்வது. சேகரிப்பு உலகின் நேர்மையாளர்கள் இதனை மோசடி என்று கண்டிக்கின்றனர், உண்மைதான். ஆனால் புழக்கத்தின் அடையாளம் ஒவ்வொன்றுக்கும் விலை குறைப்போம் என்று அறிவித்துவிட்டு, அடையாளத்தை அழிப்பவனை மட்டும் கண்டிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கட்டையும் துண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பதை வாசகர்களின் மனநிம்மதிக்காகச் சொல்லிவைக்கிறேன்.

‘நாங்கள் வரலாற்றை மதிப்பதில்லையா? கதையுள்ள தாளுக்கு நாங்களும் அதிகம் கொடுக்கிறோமே’ என்று சேகரிப்பாளர் எதிர்வாதம் செய்வர். செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். யாருடைய கதைக்கு என்பதுதான் கேள்வி. தென்னாபிரிக்காவின் மாபெக்கிங் நகர் 1899 ஒக்ரோபரிலிருந்து 1900 மே வரை போயர் படையின் முற்றுகைக்குள் இருந்தபோது அங்கே வெளியிடப்பட்ட நோட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஒரு பவுண் நோட்டை வரைந்தவர் தளபதி பேடன் பவல், அதாவது பிற்காலத்தில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர். அதனை நீல நிறப் புகைப்பட முறையில் அச்சிட்டனர். முற்றுகை நீங்கியதும் காசாக மாற்றித் தரப்படும் என்ற உறுதி இருந்தும், பலர் மாற்றாமல் ஞாபகப் பொருளாக வைத்துக்கொண்டனர். இன்று அதன் ஒவ்வொரு வகைக்கும் கட்டுரைகள் உண்டு. யார் கையொப்பம், எந்தப் பலகையில் செதுக்கினர் என்பதெல்லாம் பட்டியலில் வரும். அதே முற்றுகையில் உணவுப் பங்கீட்டில் ஓரங்கட்டப்பட்டுப் பட்டினியால் செத்த ஆபிரிக்கர்களைப் பற்றி அப்பட்டியல்களில் எத்தனை வரி? பேடன் பவலின் கை பட்டால் அது வரலாறு, தோட்டத்துக் கூலியின் கை பட்டால் அழுக்கு.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே யப்பானியர் வெளியிட்ட பெசோத் தாள்களை மக்கள் ‘மிக்கி மவுஸ் பணம்’ என்று எள்ளினர். அதற்குப் போட்டியாக, காடுகளிலும் மாகாணங்களிலும் எதிர்ப்புப் படைகளும் உள்ளூர் நாணய சபைகளும் தாமே அவசர நோட்டுகள் அச்சிட்டன. கிடைத்த தாளில், கிடைத்த மையில். அவற்றை வைத்திருந்து யப்பானியரிடம் அகப்பட்டால் கடுந்தண்டனை, உயிருக்கும் உத்தரவாதமில்லை. அப்படி ஒரு நோட்டு எட்டாக மடிந்து கிடப்பதற்குக் காரணம் அதனை எங்கோ ஒளித்து வைத்ததாக இருக்கலாம். மதிப்பீட்டாளர் எட்டு மடிப்பு என்று எண்ணிப் புள்ளியைக் குறைப்பார்.

போருக்குப் பின்னர், யப்பானியத் தாள்களை வைத்திருந்த பிலிப்பைன்ஸ் மக்கள் சங்கம் அமைத்து, ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அத்தாள்களிற் சங்கத்தின் முத்திரையைக் குத்தினர். அச்சங்கம் அமெரிக்க அரசாங்கத்தின் மீது தொடுத்த வழக்கு 1967 இல் காலங்கடந்தது என்று தள்ளுபடியானது. ஹொங்கொங்கில் 1943 யூனுடன் உள்ளூர் டொலர் சட்டவிரோதமாக்கப்பட்டு, மக்கள் யப்பானிய இராணுவ யென்னுக்கு மாற நிர்ப்பந்திக்கப்பட்டனர். அந்த யென்னை வைத்திருந்தோர் 1993 இல் தோக்கியோ நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1999 யூனில் அவர்களது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இவர்கள் கையில் இருந்த தாள்களும் அல்பங்களில் உள்ளவைபோன்ற தாள்கள்தாம். ஒருவருக்குப் பொழுதுபோக்கு, மற்றவருக்கு வழக்கின் சான்றுப்பொருள்.

மலாயாத் தமிழர் நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தாலும் இதே முடிவுதான் என்று சட்டம் படித்தவர்கள் சொல்லக்கூடும். சரி. 1951 இல் சன்பிரான்சிஸ்கோவில் கைச்சாத்தான சமாதான ஒப்பந்தம் பெரும்பாலான இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்தனா, புத்தரின் வாக்கை எடுத்துக்காட்டி, இலங்கை நட்டஈடு கோராது என்றார். யப்பான் இன்றும் அதை நன்றியோடு நினைவுகூர்கிறது. கொழும்பிலும் திருகோணமலையிலும் 1942 ஏப்ரலில் விழுந்த குண்டுகளையும், நேச நாடுகளுக்காக மரத்தைக் கொன்று பால் எடுத்த எமது இறப்பரையும் அவர் இழப்பாகக் குறிப்பிட்டார். அவை இலங்கையின் இழப்புகள், மன்னிக்க இலங்கைக்கு உரிமை இருந்தது. மலாயாவின் சார்பிற் கையொப்பமிட்டது பிரித்தானியா. தோட்டத்துத் தமிழனின் செல்லாத சம்பளத்தை மன்னிக்கும் உரிமையை அதற்கு யார் கொடுத்தது? பின்னர் 1967 இல் யப்பான் மலேசியாவுக்கு இரத்தக் கடனாக 25 மில்லியன் மலேசிய டொலர் பெறுமதியானவற்றைக் கொடுக்க உடன்பட்டது. அது இரண்டு கப்பல்களாக வந்தது. கப்பலை நோட்டுக்குச் சில்லறையாக மாற்ற முடியுமா என்று எந்த மூதாட்டியாவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்களோ தெரியாது.

அவசரகாலத் தாள்கள் எல்லாமே கொள்ளைக்குக் கருவிகள் என்று நான் கூறவில்லை. உலோகத் தட்டுப்பாட்டினால் இலங்கை அரசாங்கமும் 1942 இல் சிறுமதிப்புத் தாள்களை வெளியிட்டது. ஐந்து சதத் தாள் விசித்திரமானது. நடுவே துளைக்கோடு இட்டு, ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம் என்று கிழித்துப் பயன்படுத்தத் தக்கதாக அச்சிட்டிருந்தனர். அதே ஆண்டில் பீஜியில் ஒரு பென்னிக்குத் தாள் வந்தது. இவற்றின் பின்னே நாணயச் சபையின் கையிருப்பு இருந்தது, வைத்திருந்தவர் ஏமாறவில்லை. ஆனாலும் பாருங்கள், ஐந்து சதத் தாளுக்குக் கிழியாத முழுத்தாளே சேகரிப்பாளருக்கு வேண்டும். கிழிப்பதற்கென்றே செய்த தாள் அது! கிழித்த பாதியைக் கொடுத்து ஒரு பெண் சந்தையில் என்ன வாங்கினாள் என்பதைத் தவிர வேறு எதை அது எமக்குச் சொல்லப் போகிறது?

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கசங்கிய நோட்டு தானாக எதையும் சொல்லாது, அது தமிழன் கையில் இருந்ததா சீனன் கையில் இருந்ததா மலாய்க்காரன் கையில் இருந்ததா என்று மடிப்பைப் பார்த்துக் கூற முடியாது என்பர். முற்றிலும் சரி. அதனாற்றான் நோட்டைவிட அதனுடன் கூடிய துண்டும் நூலும் பெட்டியும் வாய்மொழியும் முக்கியம் என்கிறேன். விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறும் அந்த ஐந்து நிமிடத்தில் இவையே முதலில் தொலைகின்றன. எந்த ஊர்க்காரர், எந்தத் தோட்டம் அல்லது கந்தோர், எப்படி வந்தது என்று வியாபாரி கேட்பதில்லை. கேட்டாலும் எழுதுவதில்லை. எழுதினால் பட்டியலில் அதற்கு ஒரு நிரல் வேண்டும். புள்ளிக்கு நிரல் இருக்கிறது, எழுத்துக்கு நிரல் இருக்கிறது, இதற்கு மட்டும் இடமில்லையா?

இன்னொரு விடயம். வாழைமரப் பத்து டொலர் நோட்டு அரிதானது அன்று. அது மலைமலையாக அச்சிடப்பட்டது. சாதாரண வகைத் தாள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ‘கிடைத்தற்கரிய பொக்கிஷம்’ என்று இணையத்தில் விலை ஏற்றி விற்போரை நம்பிப் புலம்பெயர் அன்பர்கள் ஏமாறாதிருப்பார்களாக. ஆகவே உங்கள் வீட்டில் உள்ள கட்டை விற்றுச் செல்வந்தராகப் போவதில்லை. விற்காவிட்டால் இழக்கப் போவதும் சொற்பமே. இவ்வளவு சிறிய தொகைக்காக அந்தத் துண்டுக் கடதாசியைத் தொலைக்க வேண்டுமா?

மலேசியாவில், யாழ்ப்பாணத்தில், செட்டிநாட்டில், அல்லது அங்கிருந்து நீங்கள் சென்று குடியேறிய எந்த நாட்டிலும் இத்தகைய நோட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவற்றைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லமினேற் செய்யாதீர்கள். நோட்டின்மேல் எதுவும் எழுதாதீர்கள். உறை ஒன்றில் இட்டு, உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம் அல்லது கந்தோர், எந்த ஆண்டு வந்தார், யார் சொல்லக் கேட்டது. பெரியவர் ஒருவர் உயிரோடிருந்தால் இந்த வார இறுதியிலேயே கேட்டு எழுதிவிடுங்கள், தைப்பொங்கலுக்குப் போகும்போது கேட்கலாம் என்று தள்ளாதீர்கள். நூலால் கட்டியிருந்தால் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எழுதியதன் பிரதியொன்றை எனக்கும் அனுப்பினால் மகிழ்வேன். நோட்டு எனக்கு வேண்டாம்.